குருவிக்கும் ஒரு கிளை

பால்மரத்தில் கண் ஒட்டத் தெரிந்த கைக்கு ரம்புத்தானில் ஒட்டுவது பெரிய காரியமா? இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டிலேயே ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கக்கூடும். அந்தக் காலத்தில் நர்சரியில் குனிந்த தலை நிமிராமல் 'பட்டிங்' வேலை பார்த்தவர். அவரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் கத்தியால் பட்டையைத் திறக்க, அடுத்தவர் கண் வைக்க, பின்னால் வருகிறவர் கட்டுப் போட, வரிசை வரிசையாக நகர்ந்து போன கதையை நேற்று நடந்ததுபோல் சொல்வார்.

1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. மலாயாவின் தோட்டங்களை நிரப்பிய மரங்களுக்கு அவைதாம் மூதாதை. ஆனால் விதையில் முளைக்கும் மரங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரே வரிசையில் ஒரு மரம் மங்கு நிறையப் பால் கொடுக்கும். பக்கத்து மரம் மங்கின் அடியை நனைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். 1910-களில் ஜாவா, சுமத்ரா பக்கத்தில் கண் ஒட்டும் முறை வந்த பிறகுதான், நன்றாகப் பால் கொடுக்கும் ஒரு மரத்தை ஆயிரமாக, இலட்சமாகப் பெருக்க வழி பிறந்தது. 1925-இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. அது உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற இரகத்தின் பெயரைக் கேட்காத பால்வெட்டுக் குடும்பம் ஏது? அந்த இரகத்து மரங்கள் அத்தனையும் ஒரே தாய்மரத்தின் கண்கள். அந்தக் கண்களை எடுத்து வைத்த கைகளில் நம்மவர் கைகள் எத்தனையோ!

பிறகு செம்பனை வந்தது. 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராகத் தொடங்கிய அந்தப் பயிர், கடைசியில் பெரும்பாலான ரப்பர்க் காடுகளையும் விழுங்கிவிட்டது. செம்பனைக்கு ஒட்டு வேண்டாம். பனை இனத்துக்கு ஒட்டுப் போடவும் முடியாது. அதன் தண்டில் ரப்பருக்கு இருப்பதுபோல் பட்டைக்கு அடியில் வழுவழுப்பான வளர்படலம் கிடையாது. விதை முளைத்து, பையில் வளர்ந்து, குழிக்குப் போய்விடுகிறது. ஆகவே, நம் பெரியவர்களின் அந்தக் கைவேலைக்கு இப்போது வேலை இல்லை. அந்தக் கைகளும் முதுமை அடைந்துவிட்டன.

அந்த வேலையைக் குருவிக்காகத் திரும்பவும் தொடங்கலாம் என்பதே நான் உங்களிடம் சொல்ல வந்தது. சிரிக்காதீர்கள், கடைசிவரை படியுங்கள்.

குளிர் நாட்டில் ஒரு வழக்கம்

ஐரோப்பா, அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் 'கிராப் ஆப்பிள்' என்று ஒரு மரம் உண்டு. ஆப்பிளுக்கு ஏழைத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழம் கோலிக்குண்டு அளவில் தொடங்கும். எத்தனை பெரியதானாலும் 5 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. வாயில் போட்டால் புளிப்பும் துவர்ப்பும் முகத்தைச் சுளிக்க வைக்கும். சிலர் சர்க்கரை சேர்த்துப் பாகு காய்ச்சுவார்கள். ஆனால் அதன் அருமை வேறிடத்தில் இருக்கிறது. சில இரகங்களில் பழம் உதிராமல் குளிர்காலத்திலும் கிளையிலேயே தொங்கும். உறைபனி பட்டுப் பட்டு அது குழைந்ததும், வேறு இரை கிடைக்காத பறவைகள் வந்து கொத்தும். கீழே விழுந்ததை மான் பொறுக்கும். நல்ல இரகத்தை விதையால் பெருக்க முடியாதென்பதால் ஒட்டுப் போட்டே வளர்க்கிறார்கள். பறவைக்கும் மானுக்கும் என்றே இப்படி ஒட்டுமரம் வளர்க்கும் மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நமக்குப் பனி இல்லை. ஆனால் பறவைக்குப் பசிக்காலம் இங்கேயும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை பழக்காலம். டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான் எல்லாம் ஒன்றாகக் குவியும். ஆண்டு இறுதியில் பல இடங்களில் இன்னொரு சிறு பருவம். நடுவே வரும் மாதங்களில் மரங்கள் வெறும் இலையோடு நிற்கும். காடு பக்கத்தில் இருந்தால் ஏதாவது கிடைக்கும். செம்பனைக்கு நடுவில் என்ன கிடைக்கும்? 9 மீட்டருக்கு ஒன்றாக ஒரே மாதிரி மரம். கீழே வளரும் புதருக்கு மருந்து. ஏறக்குறைய 25 ஆண்டானதும் அனைத்தையும் சாய்த்துவிட்டு மறுநடவு. காட்டில் வாழும் பறவை இனங்களில் மிகச் சிலவே செம்பனைக்குள் வாழ்கின்றன என்று ஆய்வாளர்கள் பல இடங்களில் எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பழைய ரப்பர்க் காட்டில் இருந்த அளவுகூட இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். முன்பு விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது கேட்ட சத்தங்களில் இன்று எத்தனை கேட்கிறது?

ஆனால் செம்பனைக்கு உட்படாத இடங்களும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. லயத்துக்குப் பின்புறம், பள்ளி வேலியோரம், கோயில் திடல், ஆற்றங்கரை, பெரிய கால்வாய் ஓரம். இவற்றில் பத்து மரம் நின்றாலே போதும், அந்த வட்டாரத்துக் குருவிகள் அடையாளம் கண்டுகொள்ளும்.

வௌவால் நமக்கு என்ன செய்கிறது?

பறவைக்குச் சோறு போடுவது புண்ணியம் என்பார் நம் பாட்டி. அது போகட்டும், நான் வரவு செலவுக் கணக்கே சொல்கிறேன்.

டுரியான் பூ பிற்பகலுக்குப் பின் மெல்ல விரிகிறது. இரவில் மணக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு இதழும் மகரந்தத் தாள்களும் உதிர்ந்துவிடுகின்றன. பகலில் வரும் தேனீக்கு அங்கே அதிக வேலை இல்லை. பெரும்பாலான டுரியான் மரங்கள் தன் மகரந்தத்தாலேயே நன்றாகக் காய்ப்பதும் இல்லை. அடுத்த மரத்திலிருந்து வர வேண்டும். இரவில் மரத்துக்கு மரம் அதைச் சுமந்து செல்லும் கூலியாள் யார்? குகையில் வாழும் சிறிய தேன் வௌவால்தான். நமக்குப் பிடித்த பெத்தாய்க்கும் அதுவே தரகர்.

தைப்பூசத்தில் நாம் 272 படி ஏறும் பத்துமலையில், கோயில் குகைக்குச் சற்றுக் கீழே ஓர் இருட்டுக் குகை இருக்கிறது அல்லவா? அங்கே குடியிருப்பவற்றுள் இந்தத் தேன் வௌவாலும் ஒன்று. 1970-களில் பத்துமலை வௌவால்களை ஆராய்ந்தவர்கள் ஒரு வியப்பான செய்தியைக் கண்டார்கள். டுரியான் பூப்பது ஆண்டில் சில வாரங்கள்தான். மற்ற நாளெல்லாம் இவை எதைத் தின்கின்றன? கடலோரச் சதுப்பில் வளரும் பெரெபாட், பெரெம்பாங் மரங்கள் ஆண்டு முழுவதும் பூக்கின்றன. அந்தத் தேனுக்காக ஏறக்குறைய 38 கிலோமீட்டர் வரை பறந்து போகின்றன! ஆகவே, கடலோரத்தில் சதுப்புக் காட்டை அழித்தால், உள்நாட்டில் டுரியான் காய்ப்புக் குறையலாம். குகையில் வௌவாலைக் கொன்றாலும் அப்படியே. எங்கேயோ வெட்டினால் எங்கேயோ வலிக்கிறது.

கெலுவாங் எனப்படும் பெரிய பழந்தின்னி வௌவாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது டுரியான் பூவைத் தின்று பாழாக்குகிறது என்று பழத்தோட்டக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். தியோமான் தீவில் டுரியான் மரத்தின்மேல் கேமரா பொருத்திப் பார்த்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. கெலுவாங் பூவைப் பாழாக்காமல் தேனை மட்டும் நக்கிவிட்டுப் போகிறது. அங்கே டுரியான் காய்க்க அதுவும் துணை செய்கிறது. பழி ஒருவர்மேல் விழுந்துவிட்டால் துடைப்பது எத்தனை கடினம் என்று நமக்குத் தெரியாதா?

ஆனால் ஓர் எச்சரிக்கையை மறைக்கக் கூடாது. 1998 செப்டம்பர் முதல் 1999 மே வரை நம் நாட்டில் நீப்பா காய்ச்சல் பரவி 265 பேரைப் பிடித்தது. 105 பேர் மாண்டனர். நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நீப்பா என்ற ஊரின் பெயராலேயே அந்தக் கிருமி அழைக்கப்படுகிறது. கெலுவாங்கின் உடம்பில் அந்தக் கிருமி இருந்தது. பன்றிப் பண்ணைக்கு மேலே பழமரம் நின்றது. கடித்துப் போட்ட பழம் பன்றிக்குப் போனது. பன்றியிலிருந்து மனிதருக்கு வந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். ஆகவே பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கடிபட்ட பழத்தை, கொத்துப்பட்ட பழத்தை வாயில் வைக்கக் கூடாது. கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்கித் தின்னக் கூடாது. வௌவாலைத் தொடவே கூடாது, செத்துக் கிடந்தாலும் கூடாது. மாட்டுக் கொட்டகை, ஆட்டுக் கொட்டகை, கோழிக்கூடு, தண்ணீர்த் தொட்டி இவற்றின்மேல் கிளை நீளும்படி இந்த மரங்களை நடாதீர்கள். வீட்டுக்கும் அவற்றுக்கும் எட்டி, தனியே நடுங்கள். இந்த ஒழுங்கு இருந்தால் அச்சத்துக்கு இடமில்லை.

எந்த மரம்?

செரி மரத்தை எல்லாருக்கும் தெரியும். மலாய்க்காரர்கள் கெருக்குப் சியாம் என்பார்கள். அமெரிக்கக் கண்டத்து மரம்; ஆனால் இன்று நம் ஊர்ப்பிள்ளைபோல் ஆகிவிட்டது. ஆண்டு முழுவதும் பூவும் பழமும். பகலில் பூக்கொத்திக் குருவி, சின்னான், மைனா. இரவில் சிறு வௌவால். அதற்கு ஒட்டும் வேண்டாம், நாம் நடவும் வேண்டாம். குருவியே விதைத்துவிட்டுப் போகும். கட்டை வலுவில்லாதது, காற்றில் ஒடியும். கூரைக்குப் பக்கத்தில் முளைத்தால் மட்டும் பிடுங்குங்கள். மற்ற இடத்தில் பாவம், விட்டுவிடுங்கள்.

ஆல், அத்தி வகை மரங்கள் பசிக்கால அன்னதானக் கூடம். 'அத்தி பூத்தாற்போல்' என்கிறோமே, அத்தி பூப்பது கண்ணுக்குத் தெரியாததால்தான். பூக்கள் காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கென்று உள்ள மிகச் சிறிய குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. அந்தக் குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். ஆகவே குளவி இனம் பிழைக்க வேண்டுமானால், எங்காவது ஒரு மரம் எப்போதும் காய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் மற்ற மரங்கள் வெறுங்கையோடு நிற்கும் மாதத்தில் அத்தியினம் பழுக்கிறது. பகாங்கின் குவாலா லொம்பாட் காட்டில் இதை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டார்கள். பழம் தின்னும் பறவைகளுக்கு அத்திதான் மூலக்கல் என்றார்கள். பச்சைப்புறா, குக்குறுவான், இருவாட்சி எல்லாம் அதற்கு வரும். இருவாட்சி 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முழுப் பாதுகாப்புப் பெற்றது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த மரத்துக்கு ஒட்டு எதற்கு? கை மொத்தத்துக்கு ஒரு போத்து வெட்டி, மழைக்காலத்தில் ஆற்றங்கரையில் ஊன்றினாலே வேர்விடும். வீட்டோரம், கால்வாய்ச் சுவரோரம் வேண்டவே வேண்டாம், சுவரைப் பிளந்துவிடும்.

நீர்ஜம்பு, அதாவது நாம் ஜம்பு ஆயேர் என்பது, பூக்கும்போது தேன்சிட்டுக்கும் தேனீக்கும், பழுக்கும்போது மாங்குயிலுக்கும் வௌவாலுக்கும். இதற்குப் பதியன் போதும். விரல் பருமனுள்ள கிளையில் 3 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, அடியில் உள்ள வழுவழுப்பைச் சுரண்டி, ஓரிரு நாள் காயவிட்டு, ஈரமண்ணும் தேங்காய்நாரும் கலந்து பிளாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டுங்கள். ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் வெள்ளை வேர் பிளாஸ்டிக்குள் தெரியும். வெட்டி நடலாம். பழைய எண்ணெய்த் தொம்பில்கூட இது காய்க்கும்.

இனி ரம்புத்தான். நம் கைவேலைக்கு ஏற்ற மரம் இதுதான்.

கண் வைக்கும் முறை

ரம்புத்தான் கொட்டையை ஊன்றினால் முளைப்பவற்றில் ஏறக்குறையப் பாதி ஆண்மரம் என்பது பழைய அனுபவம். ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகு, கொத்துக் கொத்தாகப் பூக்கும், ஒரு காயும் பிடிக்காது. எத்தனை வீட்டில் இதைக் கோபத்தில் வெட்டி விறகாக்கியிருக்கிறார்கள்! வெட்ட வேண்டாம், அதற்கும் வழி சொல்கிறேன். ஒட்டுக்கன்று நட்டால் மூன்று நான்கு ஆண்டில் காய்ப்புக்கு வரும், காய்க்குமா என்ற சந்தேகமும் இல்லை. இரகங்களில் ஆர் 191 என்பதற்கு 'அனாக் செக்கோலா', அதாவது பள்ளிப்பிள்ளை என்று பெயர். ஆசிரியன் என்ற முறையில் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு!

எங்கள் பள்ளிக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு பெரியவர், பழைய பட்டிங் கைகாரர், இதைப் பற்றிக் கேட்டபோது சொன்னார்: "வாத்தியாரே, பால்மரத்துப் பட்டை தானா கழன்டு வரும். ரம்புத்தான் பட்டை பிடிவாதக்காரி. மழை பேஞ்சு ரெண்டு நாளு கழிச்சு வாங்க, அப்ப கொஞ்சம் எறங்கி வருவா." 

"அண்ணே, கத்தி அதே கத்திதானா?" என்றேன். 

"கத்தி எதுவா இருந்தா என்ன? சவரக்கத்தி மாதிரி இருக்கணும். மொட்டக் கத்தியால வெட்டுனா பட்டை நசுங்கிப்போயிரும், கண்ணு ஒட்டாது."

அவர் சொன்னதையும், நான் பார்த்ததையும் சேர்த்துத் தருகிறேன். கொட்டையைச் சதை போகக் கழுவி உடனே பையில் ஊன்றுங்கள். ஏறக்குறைய ஓராண்டில் தண்டு பென்சில் பருமன் வரும். இதுதான் அடிக்கன்று. நன்றாகக் காய்க்கும் ஒரு மரத்தில், அதே பருமனுள்ள கிளையைத் தேர்ந்தெடுங்கள். இலைக்கக்கத்தில் கண்கள் சற்றுப் புடைத்திருக்க வேண்டும், துளிர்விட்டிருக்கக் கூடாது. காலையிலேயே வெட்டி, இலையைக் கழித்து, ஈரத்துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

அடிக்கன்றில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இரண்டு நேர்கோடுகள் கீறுங்கள். நீளம் நாலைந்து சென்டிமீட்டர். மேலே குறுக்கே ஒரு கீறல். பட்டையை மேலிருந்து கீழாக உரித்து, அந்த நாக்கில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, அடியில் சிறிது மட்டும் வையுங்கள். கண் கம்பிலிருந்து அதே அளவில் கண்ணோடு கூடிய பட்டையை எடுத்து, உட்பக்கம் ஒட்டியிருக்கும் மரச்சீவலை மெல்லப் பிரித்துவிட்டு, அந்தச் சன்னலில் வையுங்கள். கீழே விட்டுவைத்த நாக்கு அதைத் தாங்கிப் பிடிக்கும். உட்புறத்தை விரலால் தொடாதீர்கள். வியர்வை பட்டாலே போச்சு. கண் மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளாஸ்டிக் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அத்தாப்புக் கூரை வேய்வதும் அடியிலிருந்து தொடங்கித்தானே? மேல் மடிப்பு கீழ் மடிப்பை மூடினால்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.

மூன்று வாரம் கழித்து அவிழுங்கள். இருபத்தோராம் நாள் என்று ரப்பரில் சொல்வோமே, அதே கணக்கு. நகத்தால் பட்டையின் ஓரத்தை இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். பச்சை என்றால் பிழைத்தது. கறுப்பு என்றால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கண் வைக்கலாம், கன்று வீணாகவில்லை. பிழைத்ததற்கு மேலே உள்ள தண்டை வெட்டிவிட்டால், ஒட்டிய கண் துளிர்க்கும். அடிக்கன்றிலிருந்து கிளம்பும் துளிரை அவ்வப்போது கிள்ளிப் போடுங்கள்.

இப்போது அந்த ஆண்மரத்துக்கு வருவோம். இடுப்புயரத்தில் வெட்டிவிடுங்கள். பல துளிர்கள் கிளம்பும். நல்லதாக நான்கைந்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கழியுங்கள். அவை பென்சில் பருமன் வந்ததும் ஒவ்வொன்றிலும் கண் வையுங்கள். ஆனால் ஒரு கிளையை மட்டும் ஆணாகவே விட்டுவிடுங்கள். காய்க்கும் இரகங்களின் பூவில் பயன்படும் மகரந்தம் குறைவு. பக்கத்திலேயே ஓர் ஆண்கிளை இருந்தால் காய்ப்பு நன்றாகப் பிடிக்கும். மற்றக் கிளைகளில் ஒன்றில் முந்திப் பழுக்கும் இரகம், ஒன்றில் பிந்திப் பழுக்கும் இரகம், ஒன்றில் மஞ்சள் பழம் என்று வைத்தால், ஒரே மரத்தில் பழக்காலம் நீளும். அதில் ஒரு கிளை குருவிக்கு. அதை முன்கூட்டியே முடிவு செய்து பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழுக்கும் நாளில் மனம் வராது.

உண்மையில் ரம்புத்தானின் தடித்த தோலைச் சின்னானால் கிழிக்க முடியாது. அணில்தான் முதலில் கிழிக்கும். பாதி தின்று எறிந்துவிட்டுப் போகும். மிச்சத்துக்குக் குருவி வரும். இரவில் வௌவாலும் மூசாங்கும். பந்தியில் அவற்றுக்குள் ஒரு வரிசை இருக்கிறது. உங்கள் பங்குக் கிளையைக் காப்பாற்ற வலை போடாதீர்கள். குருவியும் வௌவாலும் அதில் சிக்கி, துடித்துச் சாகும். பழக்கொத்துக்குப் பழைய துணிப்பையோ காகிதப்பையோ கட்டுங்கள். குரங்குக் கூட்டம் வரும் இடமாக இருந்தால் இந்த வேலையை வீட்டுப்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம். குரங்குக்கு ஒரு நாள் ருசி காட்டினால் மறுநாள் அடுப்படிக்கே வந்துவிடும்.

இன்னொன்று, லாஸ்டிக். மரம் நட்டுக் குருவியை வரவழைத்து, பையன் கையில் லாஸ்டிக்கையும் கொடுத்தால் அது விருந்துக்கு அழைத்து அடிப்பது போலாகும். லாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். எந்தக் குருவி, எத்தனை மணிக்கு, எந்தக் கிளைக்கு வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

நமக்குச் சொந்தமில்லாத மண்ணில்

நீங்கள் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி எனக்குத் தெரியும். பெற்றோர் கூட்டங்களில் என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள்: "வீடும் நமக்குச் சொந்தமில்ல, மண்ணும் நமக்குச் சொந்தமில்ல. நாளைக்குத் தோட்டத்த வித்துட்டா காலி பண்ணச் சொல்வாங்க. இதுல மரத்த வச்சு என்னங்க சார் ஆகப்போகுது?"

நியாயமான கேள்வி. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்குப் போனபோது, மூன்று தலைமுறையாகத் தண்ணீர் ஊற்றிய தென்னையையும் மாவையும் பலாவையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே லாரியில் சாமான் ஏற்றிப் போனவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! இழப்பீட்டுக் கணக்கில் வீட்டுக்கு ஏதோ ஒரு தொகை போட்டிருப்பார்கள். பாட்டி நட்ட மரத்துக்கு யார் விலை போட்டது?

ஆனால் ஒட்டுக் கலை தெரிந்தவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. மரத்தைத் தூக்கிப் போக முடியாது. கண்ணைத் தூக்கிப் போகலாம். ஒரு முழம் கம்பில் பத்துக் கண் இருக்கும். வாழைப்பட்டையில் சுற்றி, ஈரச் சாக்கில் கட்டினால் ஓரிரு நாளைக்கு வாடாது. போகிற இடத்தில் யாரிடமாவது ஓர் அடிக்கன்று இருந்தால் போதும். அதில் முளைத்து வருவது உங்கள் பாட்டி நட்ட அதே மரம். அதன் பிள்ளை அல்ல, அதே மரம்! அதே நிறம், அதே ருசி, அதே மாதத்தில் பழுக்கும். ஆர்.ஆர்.ஐ.எம். 600-ஐக் கம்பெனிக்காக ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே வித்தைதான். நமக்காக ஒரு முறை செய்துகொள்ளக் கூடாதா?

ஆகவே, வெளியேறும் நாளில் செய்யலாம் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் பிடித்தமான மரம் ஒன்று இருந்தால், இப்போதே அதிலிருந்து இரண்டு ஒட்டு எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். ஒன்று நகரத்தில் தரை வீடு வாங்கிய மகளிடம். ஒன்று பள்ளிக்கூடத்தில் அல்லது கோயில் திடலில், தலைமையாசிரியரிடமோ ஆலயக் குழுவிடமோ கேட்டு. அடுக்குமாடிக்குப் போய்விட்டவர்கள் தொம்பில் ஜம்பு வைக்கலாம். கீழே புல்தரை இருந்தால் ஊராட்சி மன்றத்திடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். கடிதம் எழுத ஆள் வேண்டுமானால் உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர் எதற்கு இருக்கிறார்?

இதற்கிடையே குருவி எந்த மண் யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பதில்லை. ஒரு வேடிக்கை சொல்கிறேன். பழைய ரப்பர் மரக் கிளைகளில் புல்லுருவி படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூக்கொத்திக் குருவி அதன் பழத்தைத் தின்னும். விதை பசைபோல் பிசுபிசுப்பது. எச்சத்தோடு எளிதில் விழாது. குருவி தன் பின்பக்கத்தைக் கிளையில் தேய்த்து அதை ஒட்டிவிடும். அது அங்கேயே முளைத்து, மரத்துக்குள் வேரை இறக்கும். கத்தியும் நாடாவும் இல்லாமல் குருவி போடும் ஒட்டு! ஆனால் அது மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டு. உங்கள் ரம்புத்தானிலும் ஜம்புவிலும் அது தலைகாட்டினால், சிறியதாக இருக்கும்போதே கிளையோடு வெட்டி எடுத்துவிடுங்கள்.

அடிக்கன்றுக்கு வேண்டிய கொட்டைக்கு எங்கும் அலைய வேண்டாம். அடுத்த பருவத்தில் சந்தையில் ஒரு கட்டு ரம்புத்தான் வாங்கி, வீட்டில் எல்லாரும் தின்று முடித்ததும், கொட்டைகளைக் குப்பையில் போடாமல் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு வாரம் கிடந்தால் முளைக்கும் சக்தி போய்விடும். தின்ற அன்றே, இருட்டுவதற்குள் பையில் ஊன்றிவிடுங்கள். படுக்கைவாட்டில், ஒரு விரல்கணு ஆழத்தில்.